தாழிக்குள் இருந்தவரின் கடைவாய்ப்பல்

சென்னையில் ஒரு பல் இருக்கிறது, போய் அரைத்துவிட்டு வா என்றார் என் மேலதிகாரி. கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்படிப்பட்ட உத்தரவுகளைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று நீதிமன்றம் கேட்கும். மூன்று பேருடைய ரத்தத்தை வைத்துப் பதில் சொல்வதுதான் அங்கே என் அன்றாட வேலை. செத்துப்போய் இரண்டாயிரத்தைந்நூறு வருடமான ஒருவரிடம் அவருடைய தாய் யார் என்று கேட்பது அதைவிட நாகரிகமான வேலையாகத் தோன்றியது.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜனவரி மாதம். முந்தின வருடம்தான் ஐரோப்பாவில் பனியுகத்து எலும்பு ஒன்றிலிருந்து மரபணுவைப் படித்துக் காட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து உலகத்தில் எலும்பு வைத்திருந்தவர்களுக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கும் தூக்கம் போய்விட்டது. என் மேலதிகாரி இரண்டாவது வகை. முதல் வகையைச் சேர்ந்தவர் மயிலாப்பூரில் இருந்தார்: ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர் வைத்தியநாதன். பல்லாவரத்துக்கு அப்பால் எங்கோ கிணறு வெட்டியபோது கிடைத்த முதுமக்கள் தாழியிலிருந்து அவருக்கு ஒரு தாடை கிடைத்திருந்தது. அதில் மிச்சம் இரண்டு கடைவாய்ப்பற்கள். ஒன்றை அரைக்கச் சம்மதித்திருந்தார். தாடை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதால் நான் என் நாட்டை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அடையாற்றில் ஓர் ஆய்வகம் இரண்டு வாரத்துக்கு மேசையும் இயந்திரமும் இரவல் தந்தது. முடிவு நன்றாக வந்தால் அடுத்த மாநாட்டுக்கு என்னையும் அழைத்துப்போவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது. நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கப்பலேறிய பெண்ணைப் பற்றித் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்தது இரண்டே சொற்கள்: அஞ்சலை, மெட்ராஸ். மெட்ராஸ் அவள் ஊரா, கப்பலேறிய துறைமுகமா என்பதைப் பற்றி எழுதியவருக்கு அக்கறை இருக்கவில்லை. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ஈப்போ என்பேன். அது சரி, சொந்த ஊர் எது என்பார்கள். நான் பேச்சை மாற்றுவேன்.

விமான நிலையத்தில் பலகையெல்லாம் சென்னை என்றது. ஆட்டோக்காரருக்கு ஊர் இன்னும் மெட்ராஸாகவே இருந்தது. "இன்னாமா, சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "அதானே பாத்தேன். தமிழ் நல்லா பேசற. எங்க கத்துக்கின?" வீட்டில் என்றேன். நம்பவில்லை.

மயிலாப்பூர் குளத்தருகே ஒரு லாட்ஜ். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "கோப்பி இருக்கா?" என்று கேட்டேன். பரிமாறுபவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கோபி இன்னிக்கு லீவும்மா. இன்னா வோணும் சொல்லு, நான் தரேன்" என்றார். காப்பி என்று திருத்திச் சொன்னதும் டம்ளர் வந்தது. எங்கள் ஈப்போ வெள்ளைக் கோப்பியைவிட இது நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு டம்ளர் ஆனது.

காலையில் தெருவெல்லாம் மப்ளர். வெயில் வந்த பிறகும் குரங்குக் குல்லாய். இருபத்திரண்டு டிகிரிக்கு இவ்வளவு முன்னேற்பாடா என்று சிரித்தேன். லாட்ஜ்காரர், "பனி இறங்குதும்மா, காதை மூடிக்கோங்க" என்றார். மலைப்பக்கத்திலிருந்து வந்தவளுக்குப் பனியைப் பற்றிப் பாடமா என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்தேன்.

பேராசிரியர் வீடு கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எழுபது வயது, நிமிர்ந்த முதுகு, வெள்ளைச் சட்டை. "வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ. ஜெயா, மலேசியாலேர்ந்து வந்திருக்கா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பஞ்சிலிருந்து தாடையை எடுத்தார். நான் இரண்டு அடுக்குக் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெறும் விரலால் பல்லைத் தடவிக்கொண்டே, "தேய்மானம் பாருங்கோ. நாப்பது வயசு. மண்ணும் கல்லுமா அரைச்ச தானியத்தைச் சாப்பிட்டவன்" என்றார். வந்த முதல் நாளே பெரியவரைக் கண்டிப்பது எப்படி என்று தெரியாமல் தலையாட்டினேன்.

"எங்க பூர்வீகம் கும்பகோணம். அதுக்கு முன்னாடி வடக்கேர்ந்து வந்தவா. தாழியில வெச்சுப் புதைக்கறவா வேற ஜனங்கள். உங்க டெஸ்ட் அதை ஸ்பஷ்டமாச் சொல்லிடும். எங்க கோத்திரத்துக்கும் இவாளுக்கும் சம்பந்தமே இருக்காது."

"இந்தச் சோதனையில கோத்திரம் தெரியாது சார்" என்றேன். "இது தாய்வழி மட்டும்தான். அம்மா, அம்மாவோட அம்மா, அவங்களோட அம்மான்னு பின்னாடி போகும். அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு இது வராது."

காப்பியோடு வந்த ஜெயா மாமி நின்றுவிட்டார். "அப்போ எங்காத்துக் குழந்தைகளுக்கு?"

"உங்களோடதுதான் மாமி. சாரோடது அவரோட முடிஞ்சது."

"நன்னா இருக்கே இந்த டெஸ்ட்" என்றார் மாமி. இருவரிடமும் வேரோடு பத்துப் பத்து முடி கேட்டேன். மாமி கேட்டதும் தந்துவிட்டார். பேராசிரியருக்கு இருந்ததே சொற்பம். இருந்தும் அறிவியலுக்காகக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு நிபந்தனை: அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மண்டபத்தில் 'தாழி மக்கள் யார்?' என்று அவர் பேசப்போகிறார். அதற்குள் முடிவு வேண்டும்.

மூன்றாம் நாள் கொட்டிவாக்கம். கடலோரத்துக் குடும்பங்களிலும் முடி வாங்கி வா என்பது உத்தரவு. அடையாற்று ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த தனசேகருக்கு அதுதான் ஊர். தன் அத்தை கன்னியம்மாவிடம் அழைத்துப்போனார். ஐம்பது வயதிருக்கும், விடியற்காலையில் மீன் விற்று முடித்துவிட்டு, வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடியா? ரத்தம்னாக்கூட ஆஸ்பத்திரிக்காரங்கன்னு குடுக்கலாம். முடி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"அத்தே, செய்வினையெல்லாம் இல்ல. இவங்க பெரிய படிப்பு படிச்சவங்க."

"படிச்சவங்கதான் நல்லா வெப்பாங்க."

நான் விளக்கப் பார்த்தேன். "உங்க அம்மா, அவங்க அம்மான்னு பின்னாடி போய்ப் பார்க்கலாம் அக்கா."

"எங்கம்மாவா? உள்ளதான் தூங்கினு கீது. நேரா போய்ப் பாத்துக்கோயேன்."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. நீ என்னுது பத்து புடுங்கு. நான் உன்னுது பத்து புடுங்கறேன். நீ எதுனா செஞ்சின்னா நானும் செய்வேன். இன்னா சொல்ற?"

என் ஆய்வக வாழ்க்கையில் எத்தனையோ ஒப்புதல் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். எதுவும் இவ்வளவு நியாயமாக எழுதப்பட்டதில்லை. தலையைக் குனிந்தேன். எண்ணிப் பத்து. வலித்தது. அவற்றை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு அவர் தலையை நீட்டினார். அதைப் பார்த்து நம்பிக்கை வந்து, மதியத்துக்குள் பதினான்கு பெண்கள் முடி கொடுத்தார்கள். அவர்களும் பதிலுக்குப் பத்துப் பத்து கேட்காதது என் அதிர்ஷ்டம்.

அங்கேயே சாப்பாடு. நெத்திலிக் குழம்பு. எங்கள் ஊரில் மீன்தலைக்கறி என்று தேங்காய்ப்பாலில் வெண்டைக்காயெல்லாம் போட்டுக் கொண்டாடுவோம் என்று சொன்னேன். "தலைய மட்டும் துன்னுட்டு உடம்ப இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் கன்னியம்மா. நாற்பது வருடமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

முடிகளைக் குளிர்ச்சியாக வைக்க, தெர்மகோல் பெட்டியில் மீன் ஐஸை நிரப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் நடத்துநர் மோப்பம் பிடித்துவிட்டார். "மீன் கூடைக்கு லக்கேஜ் எடு." மீனில்லை, முடி என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் தேடிப்போனார். மீன்தான் என்று ஒப்புக்கொண்டு டிக்கெட் வாங்கினேன்.

நான்காம் நாள் எனக்குச் சளி பிடித்தது. லாட்ஜ்காரர் ஆவி பிடிக்க வெந்நீர் மட்டும் அனுப்பினார். ஆனால் பல் காத்திருக்காது. பேராசிரியர் முன்னிலையில் தாடையிலிருந்து ஒரு பல்லைக் கழற்றி, அடையாற்றுக்குக் கொண்டுபோய், மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, மீதியை அரைத்தேன். மூன்று சிட்டிகைத் தூள். மூன்று தனித்தனிக் குழாய்கள். முதல் குழாயை மூடும் முன் தும்மல் வந்தது. முகமூடிக்குள்தான் தும்மினேன். அப்படித்தான் நினைத்தேன். இடையில் இரண்டு முறை மின்சாரம் போனது. இரண்டு முறையும் ஆரம்பத்திலிருந்து.

எட்டாம் நாள் மாலை இயந்திரம் முதல் குழாயின் எழுத்துகளைக் கொடுத்தது. மரபணு என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட வரி. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கங்கே சில எழுத்துகள் மாறியிருக்கும். எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் யாருக்கு யார் உறவு என்கிறோம். தாளில் மூன்று மாற்றங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மூன்று இடங்களும் எனக்கு மனப்பாடம். வேலையில் சேரும்போதே எங்கள் எல்லோருடைய மரபணுவையும் படித்துப் பதிவு செய்வார்கள். அது என் வரி.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமலில்லை. அதே முடிவோடு வேறு யாராவது வந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்: உன் எச்சில், போய்க் கையைக் கழுவு. தூள் எதுவும் சேர்க்காத வெறும் நீர்க்குழாய் ஒன்றையும் கூடவே வைத்திருந்தேன்; கலப்படம் இருந்தால் அதிலும் தெரியும். அதன் முடிவு மறுநாள்தான் வரும். ஆக, எனக்கு ஒரு மாலைப்பொழுது இருந்தது.

அந்த மாலைப்பொழுதை முழுவதுமாகச் செலவழித்தேன். தி.நகருக்குப் போனேன். ரங்கநாதன் தெருவில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கொட்டிய கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டே போனது. ஒரு வாரமாக இடித்தவர்களையெல்லாம் முறைத்தவள், அன்று இடித்தவர்களையெல்லாம் உறவினராகப் பார்த்தேன். அஞ்சலைக்கு மெட்ராஸ் சொந்த ஊர்தான், வெறும் துறைமுகம் அல்ல. புடவைக்கடையில் விற்பனையாளர், "மேடம் எந்த ஊரு?" என்றார்.

"இந்த ஊர்தான்" என்றேன். "ரெண்டாயிரத்தைந்நூறு வருஷமா."

"அப்படியா மேடம். அப்ப உங்களுக்குக் காட்டன்தான் சரியா இருக்கும்" என்று இன்னும் நான்கைப் பிரித்துப் போட்டார். ஒன்று வாங்கினேன். இப்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை வெறும் நீர்க்குழாயின் முடிவு வந்தது. அதிலும் நான்தான் இருந்தேன்.

தனசேகர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா மேடம், ஒரு மாரி கீறீங்க? பல்லு இன்னா சொல்லுது?" என்றார். தும்மல் போட்டேன் தனசேகர் என்றேன். "அதான் நாலு நாளா போட்டுக்கினு கீறீங்களே" என்றார்.

சளி நின்றதும் இரண்டாவது குழாயை எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டே வேலை செய்தேன். நீர்க்குழாய் சுத்தமாக வந்தது. பல்லின் தூளில் நான்கு மாற்றங்கள், எனக்குச் சம்பந்தமில்லாத நான்கு. சந்தோஷம் அரைமணி நேரம் நீடித்தது. பிறகு முடிகளின் முடிவுகளோடு ஒப்பிட்டேன். பேராசிரியர் வைத்தியநாதன். எழுத்துக்கு எழுத்து. மூன்றாவது குழாயில் எதுவுமே இல்லை. இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் மரபணு நொறுங்கிப்போவது இயல்புதான். தாழிக்குள் இருந்தவர் என்னைப் பற்றிச் சொன்னார், பேராசிரியரைப் பற்றிச் சொன்னார், தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன். "பேராசிரியரின் கைபட்டதுதான் என்று எப்படிச் சொல்கிறாய்? ஒரே தாய்வழி இரண்டாயிரத்தைந்நூறு வருடம் அதே ஊரில் தொடர்ந்திருக்கிறது என்றும் எழுதலாமே. அழகான முடிவு."

"அழகுதான். என் தும்மலையும் சேர்த்து எழுதவேண்டியிருக்குமே."

"உன் குழாயை யார் கேட்டார்கள்? வேண்டுமானால் இரண்டாவது பல்லையும் அரை."

"அரைத்தாலும் நாங்கள் இரண்டு பேர்தான் வருவோம்."

அப்படியானால் மாநாட்டில் எனக்கு வேலையில்லை என்றார். பூத்தின் கண்ணாடி வழியாக ஒரு மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று வைத்துவிட்டேன். அந்த மாநாட்டுக்காகவே ஒரு கோட்டு தைத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். முடிவைத் தாளில் எழுதிக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. என் விளக்கத்துக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டது இரண்டு வரிசைகளும் ஒன்று என்பதுதான். முகம் வெளுத்தது. "என்னோடதா?" என்றார். "தாழியில இருக்கிறது எங்கம்மா வழியா?" ஒரு டம்ளர் காப்பி முடிவதற்குள் நிறம் திரும்பியது. இரண்டாவது டம்ளரின்போது எழுந்து உலாவ ஆரம்பித்தார். "யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமில்லை. நாங்க எங்கேர்ந்தும் வரலை. நாங்கதான் இங்க முதல்லேர்ந்து இருக்கோம். வந்தவாளெல்லாம் மத்தவா. நாளைக்கு இதைச் சொன்னா சபையே எழுந்து நிக்கும்."

தி.நகரில் நான் அதே முகத்தோடு புடவை வாங்கினேன் என்பது நினைவுக்கு வந்தது. அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

"சார், அது அவரோடது இல்லை. உங்க கையோடது" என்றேன். "முதல் குழாய்ல நான் வந்தேன். ரெண்டாவதுல நீங்க. அந்தப் பல்லை எத்தனை வருஷமா வெறும் கையால எடுத்தீங்க?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "முப்பது வருஷம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் காட்டியிருக்கேன்." கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார். பிறகு, மறைத்து என்ன பயன் என்பதுபோல, குரலைத் தாழ்த்தினார். "கை மட்டும் இல்லை. எலும்பா கல்லான்னு சந்தேகம் வந்தா நாக்குல வெச்சுப் பாக்கறது உண்டு. பழைய எலும்புன்னா ஒட்டிக்கும். பல்லும் தாடையும் சேர்ற இடத்துல... மாணவாளுக்கு அதையும் செஞ்சு காட்டுவேன்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. மாமி வாசல்நிலையில் நின்றிருந்தார். "நாக்குல வெச்சேளா? செத்தவா பல்லையா? வெச்சுட்டு ஆத்துக்கு வந்து சாப்பிட்டேளா?"

"சயன்ஸ்டி அது."

"தீட்டுநாள்ல துளசி மாடத்தைத் தொட்டுட்டேன்னு என்னை மூணு தடவை குளிக்கச் சொன்னேளே, அந்த வருஷமும் இதே சயன்ஸா?"

பேராசிரியர் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இன்னொரு பல் இருக்கே. அரைச்சுடுங்கோ. நாளைக்கு இல்லேன்னாலும் பரவாயில்லை." அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. என் கோட்டு ஞாபகத்துக்கு வந்தது. அரைக்கலாம், ஏதாவது ஒரு வரி வரும், அது யாருடையது என்று உரத்துக் கேட்க யாருமில்லை.

"வேணாம் சார். இதைப் பத்திரமா வைங்க. எங்களைவிட நல்லா செய்யத் தெரிஞ்சவங்க வரட்டும்."

அதன்பிறகு யாரும் அதைத் தொடத் துணியவில்லை. மாமிதான் உள்ளே போய், பாத்திரம் இறக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து, தாடையைத் தூக்கிப் புதுப் பஞ்சில் வைத்து மூடினார். இடுக்கியைத் திரும்ப அடுப்படிக்கு எடுத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் அடுத்து நடக்கவிருந்த கச்சேரிக்காக முன்கூட்டியே இடம் பிடித்தவர்கள். என்ன பேசப்போகிறார் என்று பேராசிரியர் என்னிடமும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. மேடையேறினார். கிணறு, தாழி, தாடை. தாய்வழி என்றால் என்ன என்பதை நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். இரண்டு வரிசைகளைக் கரும்பலகையில் எழுதி, இரண்டும் ஒன்று என்று காட்டினார். முன்வரிசையில் ஒரு சலசலப்பு. ஒருவர் கைதட்டவே ஆரம்பித்தார். பேராசிரியர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சாக்பீஸை வைத்துவிட்டு, நாக்கு விஷயத்தைச் சொன்னார்.

மண்டபம் கலகலத்துப்போனது. "சிவ சிவா" என்று ஒரு குரல். பின்னாலிருந்து ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "டிபன் உண்டா இன்னிக்கு?" என்று கேட்க, "இதுக்கப்புறம் உமக்கு டிபன் வேற இறங்குமா?" என்று பதில் வந்தது.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி சார். கடைசியா ஒண்ணு சொல்லுங்கோ. அந்தத் தாழியில இருந்தவா யாரு? நம்மவாளா, வேத்து மனுஷாளா?"

பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியலை" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். "கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த வார்த்தை இவர் வாயிலேர்ந்து வந்து இப்பத்தான் கேக்கறேன்" என்று என் காதோடு சொன்னார். பிறகு கையை விட்டுவிட்டு, அந்த நிசப்தத்தில், முதல் ஆளாகத் தட்ட ஆரம்பித்தார்.